ஊர் பார்க்கும் படலம்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். பையன் காலேஜ் முடிச்சுட்டு ரெண்டு வருஷம் வெளிநாட்டுல தன்னார்வலரா வேலை பார்க்கப் போறானாம். ஆப்பிரிக்காவோ தென் அமெரிக்காவோ, எங்கே போடறாங்களோ அங்கே. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"பயிற்சிக்கு நடுவுல ஒரு தரம் அந்த ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வரணுமாம். அப்புறம்தான் மூட்டை முடிச்சோட குடி போகணுமாம். எதுக்கு சார் இந்த வெட்டி அலைச்சல்? எப்படியும் ரெண்டு வருஷம் அங்கேதானே குப்பை கொட்டப் போறான், நேரா போய் இறங்கிட வேண்டியதுதானே?"

முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். பாவம் மனுஷன், நடுநடுவுல "ம்... ம்..." மட்டும்தான் போட முடிஞ்சது. அவரை விட்டுட்டு இப்ப உங்களைப் பிடிச்சிருக்கேன். :-)

என் கட்சி இதுதான். அந்த ரெண்டு வருஷத்துலயே ரொம்ப முக்கியமான நாட்கள் அந்த நாலு நாள்தான். ஆனா அது எதுக்குன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோமோ, அதுக்கு இல்லை.

இதை நான் புத்தகம் படிச்சுக் கத்துக்கலை. அக்கா பொண்ணு மூலமா, நல்லா மூக்கு உடைபட்டுக் கத்துக்கிட்டேன். வீட்டுல அவளை குட்டின்னுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அமெரிக்காவுலயே பிறந்து வளர்ந்த பொண்ணு. 2018ல் பீஸ் கோர்ல சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற செனகலுக்குப் போனா.

பீஸ் கோர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. தமிழ்ல 'அமைதிப் படை'ன்னு சொல்லலாம்தான். ஆனா சொன்னா ஒருத்தருக்கு சத்யராஜ் படம் ஞாபகம் வரும், இன்னொருத்தருக்கு 1987ல் இலங்கைக்குப் போன படை ஞாபகம் வரும். அதனால பீஸ் கோர்னே வச்சுக்குவோம். 1961 மார்ச் 1ம் தேதி கென்னடி ஒரு உத்தரவு போட்டு ஆரம்பிச்ச அமெரிக்க அரசாங்க அமைப்பு. அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், 18 வயசு ஆகியிருக்கணும். பொதுவா 27 மாசம்: முதல் மூணு மாசம் போற நாட்டுலயே பயிற்சி, மிச்சம் ரெண்டு வருஷம் ஏதாவது ஒரு ஊர்ல வாசமும் வேலையும். சம்பளம்னு ஒண்ணும் இல்லை. அந்த ஊர்க்காரங்க மாதிரி வாழ்ந்து முடிக்கற அளவுக்கு ஒரு படி குடுப்பாங்க. செனகல்ல 1963லேருந்தே ஆள் போயிட்டிருக்காங்க.

குட்டிக்குக் கொடுத்தது மரம் வளர்ப்பு வேலை. வேலிக்கு மரம் வளர்க்கறது, மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டறது, இந்த மாதிரி. (பிறந்ததிலேருந்து ஒரு துளசிச் செடிக்குக் கூட தண்ணி ஊத்தாதவ. அக்கா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனா.) டக்கார் பக்கத்துல தியெஸ்னு ஒரு ஊர், அங்கேதான் பயிற்சி மையம். வோலோஃப் மொழி, விவசாயம், உள்ளூர்ப் பழக்க வழக்கம் எல்லாம் சொல்லித் தருவாங்க. நடுவுல, நீ இருக்கப் போற ஊர் இதுதான்னு சொல்லி, போய் நாலு நாள் இருந்துட்டு வான்னு அனுப்புவாங்க. குட்டிக்குக் கிடைச்சது நாட்டோட கிழக்குப் பக்கம், தம்பாகுண்டா பிராந்தியத்துல ஒரு சின்ன ஊர். தியெஸ்லேருந்து சுமார் 400 கிலோமீட்டர். போனது ஏப்ரல் மாசம். அந்தப் பக்கம் ஏப்ரல், மே ரெண்டும் நம்ம வேலூர் கத்திரியைத் தூக்கிச் சாப்பிடும். 40 டிகிரிக்கு மேல சர்வ சாதாரணம்.

இந்த இடத்துலதான் மாமா (அடியேன்) உள்ளே நுழையறேன்.

நமக்குத்தான் எக்செல் இல்லாம எதுவும் ஓடாதே. ராத்திரி உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். மொத்தம் 43 கேள்வி. குடிதண்ணி எங்கேருந்து வருது, எவ்வளவு தூரம்? கரண்ட் உண்டா? போன் சிக்னல் எத்தனை புள்ளி? பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? ஏடிஎம்? கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா? கழிப்பறைக்குக் கூரை இருக்கா? அக்கா சார்பா ஒரே ஒரு கேள்வி சேர்த்தேன்: சாப்பாட்டுக்கு என்ன வழி? ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு ஒரு கட்டம். மொத்தம் 250க்குக் கீழே வந்தா ஊரை மாத்தச் சொல்லிக் கேளு, இல்லாட்டி வீட்டுக்கு வந்துடு. அப்படியே மெயில்ல தட்டி விட்டேன்.

பெண் பார்க்கப் போற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஞாபகம் வருதா உங்களுக்கு? பொண்ணு உயரமா, பாடுமா, சமைக்குமா, பஜ்ஜியில உப்பு சரியா இருக்கா... எனக்கு அப்ப வரலை. நாங்கதான் மாப்பிள்ளை வீடு, அந்த ஊர்தான் பொண்ணு, பிடிக்கலைன்னா "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு சொல்லிட்டு எழுந்து வந்துடலாம். இப்படித்தான் நினைச்சிருந்தேன்.

அங்கே நடந்தது வேற.

தியெஸ்லேருந்து 'செத் பிளாஸ்'னு ஒரு வண்டி. பழைய பியூஜோ 504. பேர்லயே இருக்கு, ஏழு இடம். ஏழு பேர் சேர்ந்தாத்தான் கிளம்பும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான், நேரம் காலம் எல்லாம் கிடையாது. நாள் முழுக்கப் பயணம் பண்ணிப் போய் இறங்கினா, ஊரே காத்திட்டிருக்கு. நிழல்ல பாய் விரிச்சு ஊர்த் தலைவர், பெரியவங்க, பொம்பளைங்க, வாண்டுங்க எல்லாரும். குட்டியை நடுவுல உட்கார வச்சுட்டாங்க. கேள்வி மேல கேள்வி. அப்பா இருக்காரா? அம்மா? கூடப் பிறந்தவங்க எத்தனை? கல்யாணம் ஆயிடுச்சா? ஏன் ஆகலை? உனக்கு நெல் குத்தத் தெரியுமா? நீ அமெரிக்கான்னா ஏன் இந்தியாக்காரி மாதிரி இருக்கே? (செனகல்ல இந்திப் படத்துக்குப் பல வருஷமா ரசிகர்கள் உண்டு. ஷாருக் கானைத் தெரியுமான்னும் கேட்டாங்களாம்.)

ஆக, பட்டியல் அவங்க கையிலும் இருந்தது. ஹால்ல பாய்ல உட்கார்ந்து தலையைக் குனிஞ்சிட்டிருந்தது எங்க பொண்ணுதான்! மாப்பிள்ளை வீடு அந்த ஊர்.

அப்புறம் ஒரு பெரியவர் கேட்டாராம்: "கிணறு எப்ப வெட்டுவீங்க?"

குட்டி முழிச்சிருக்கா. முன்னாடி எப்பவோ எந்த அமைப்போ பக்கத்து ஊர்ல கிணறு வெட்டிக் குடுத்திருக்கு. வெளிநாட்டு ஆள் வந்தா கிணறு வரும்னு ஒரு நம்பிக்கை. பீஸ் கோர் அடிப்படையில பணம் அனுப்பற அமைப்பு இல்லை, ஆள் அனுப்பற அமைப்பு. இவ கையில இருக்கறது அரைகுறை வோலோஃப், கொஞ்சம் பிரெஞ்சு, மூணு வாரம் முன்னாடி கத்துக்கிட்ட ஒட்டுக் கட்டற வித்தை. அவ்வளவுதான். 22 வயசுப் பொண்ணு, ஊரே பார்த்துட்டிருக்க, தெரிஞ்ச நாலு வார்த்தையை வச்சு "நான் கிணறு கொண்டு வரலை. பணமும் கொண்டு வரலை. மரம் வைக்க வந்திருக்கேன்"னு சொல்லியிருக்கா. கொஞ்ச நேரம் யாரும் பேசலையாம்.

நான் சொல்ல வர்றதே இந்த இடத்தைப் பத்தித்தான். நேரா போய்க் குடியேறியிருந்தா இந்தப் பேச்சு எப்ப நடந்திருக்கும்? ஆறு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் அவங்க கிணத்துக்காகக் காத்திட்டிருப்பாங்க, இவ மரத்தைப் பத்திப் பேசிட்டிருப்பா. ரெண்டு பக்கமும் மனசுக்குள்ள கசப்பு சேர்ந்திருக்கும். முன்கூட்டிப் போனதால அது முதல் நாளே, வலியோடதான், வெளியில வந்துடுச்சு. ஊர்க்காரங்களும் யோசிக்க ஒரு மாசம் கிடைச்சது. வேணாம்னா பீஸ் கோர் ஆபீஸ்ல சொல்லலாம்.

"வேணாம்னு ஒரு கிராமம் சொல்லுமா, ஓய்?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. நியாயமான கேள்வி. ஊர் கேட்டுத்தான் ஆள் அனுப்பறாங்க, அதிகாரிங்க முன்னாடியே போய்ப் பேசறாங்க, ஊர்க்காரர் ஒருத்தரைப் பயிற்சி மையத்துக்கே வரவழைச்சு ரெண்டு பேரையும் பழக விடறாங்க. எல்லாம் சரி. இருந்தாலும் வர்ற பொண்ணு எந்த நிமிஷமும் ராஜினாமா பண்ணிட்டு விமானம் ஏறலாம். ஊருக்கு அந்த வசதி அவ்வளவு சுலபம் இல்லை. விருந்தாளியை வேணாம்னு சொல்ல நம்ம ஊர்லயும் வாய் வராது, அங்கேயும் வராது. அதனாலதான் சொல்றேன், நாமதான் முன்கூட்டிப் போய் நம்மளைக் காட்டணும். இதோ பாருங்க, இவ்வளவுதான் நான், இதுக்கு மேல இல்லைன்னு.

இவான் இல்லிச்னு ஒருத்தர் தெரிஞ்சிருக்கும். பாதிரியார், கல்வி பத்தியெல்லாம் நிறைய எழுதினவர். 1968ல் மெக்சிகோவுல குவெர்னவாக்காங்கற ஊர்ல ஒரு பேச்சு பேசினார். எதிர்ல உட்கார்ந்திருந்தது கோடை விடுமுறையில மெக்சிகோ கிராமங்களுக்கு உதவி செய்யக் கிளம்பின அமெரிக்க மாணவர்கள். கிழி கிழின்னு கிழிச்சுட்டார். சுருக்கமா அவர் சொன்னது: வாங்க, பாருங்க, மலை ஏறுங்க, பூவை ரசிங்க, படிங்க. உதவி செய்ய மட்டும் வராதீங்க. உங்க நல்லெண்ணம் இங்கே யாருக்கும் தேவையில்லை.

முழுக்க ஒத்துக்கறேனா? இல்லை. வெளியாள் ஒருத்தராலயும் ஒரு பிரயோஜனமும் இல்லைங்கறது அதீதம். ஆனா பார்க்க வர்றதையும் உதவ வர்றதையும் அவர் பிரிச்சார் பாருங்க, அங்கே ஒரு விஷயம் இருக்கு. பார்க்க வர்றவன் விருந்தாளி, அவனுக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டுக் கத்துக்குவான். உதவ வர்றவனுக்கு எல்லாம் தெரியும்! அந்த நாலு நாள் பயணத்துல எந்த வேலையும் குடுக்க மாட்டாங்க. சும்மா விருந்தாளியா இருந்துட்டு வரணும். உதவிக்காரியா ஆகறதுக்கு முன்னாடி ஒரு நாலு நாளாவது விருந்தாளியா இருந்து பழகிக்கோன்னு அர்த்தம்.

சும்மா இருக்கறது சுலபம்னு நினைக்காதீங்க. குட்டி அங்கேதான் உடைஞ்சு போயிட்டா. விடியறதுக்கு முன்னாடி பொம்பளைங்க எழுந்து தானியம் குத்தறாங்க, தண்ணி சேந்தறாங்க. இவ உலக்கையைக் கேட்டு வாங்கி நாலு குத்து குத்தினா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. உள்ளங்கையில கொப்புளம். சின்னக் குழந்தை ஒண்ணு இவளைப் பார்த்தாலே "தூபாப்"னு அலறிட்டு ஓடுது. வெளிநாட்டு ஆள்னு அர்த்தம், வெள்ளைக்காரங்களைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வாங்க. (நம்ம மாநிறத்துக்கும் அந்தப் பட்டம் கிடைக்கும்னு அக்காவுக்கு ரகசியமா ஒரு சந்தோஷம்.) மத்தியானம் பெரிய தட்டுல சோறு, சுத்தி எல்லாரும் உட்கார்ந்து வலது கையால, அவங்கவங்க முன்னாடி இருக்கற பகுதியிலேருந்து சாப்பிடணும். நடுவுல இருக்கற காய், மீன் எல்லாத்தையும் வீட்டம்மா பிச்சுப் பிச்சு இவ பக்கமே தள்ளறாங்க. அவங்க பிள்ளைங்க வெறும் சோத்தைச் சாப்பிடுதுங்க. "என்னால முழுங்கவே முடியலை மாமா"ன்னா.

தியெஸுக்குத் திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினா. குரலே சரியில்லை.

"மாமா, நான் வந்துடட்டுமா?"

உண்மையைச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். அக்கா தினம் அழுதுட்டிருந்தா. "பட்டியல் என்ன ஆச்சு, எத்தனை மார்க்?"னு கேட்டேன். 43ல் 3 கேள்விக்குத்தான் பதில் எழுதியிருந்தா. கிணறு 200 அடி தூரம். கரண்ட் இல்லை. சிக்னல், ஒரு குறிப்பிட்ட மரத்தடியில நின்னா ரெண்டு புள்ளி.

"மீதி?"

"மீதியெல்லாம் முக்கியமாப் படலை மாமா. கரண்ட் இல்லைங்கறது எனக்குப் பிரச்சினையே இல்லை. அவங்களுக்கு என்னைப் பிடிக்கலை. கிளம்பறப்ப அந்த வீட்டுப் பாட்டி எனக்கு இடது கையை நீட்டினாங்க."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. செனகல்லயும் நம்ம ஊர் மாதிரிதான். சாப்பிடறது, கொடுக்கறது, வாங்கறது, கை குலுக்கறது எல்லாம் வலது கை. இடது கை எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். வந்த விருந்தாளிக்கு அதைப் போய் நீட்டினா? "பார்த்தியா, அவமானப்படுத்தி அனுப்பியிருக்காங்க. நீ ஒண்ணும் அங்கே போக வேணாம், டிக்கெட் போடறேன், வந்து சேரு"ன்னு கத்திட்டேன்.

மறுநாள் காலையில திரும்ப போன். இந்தத் தடவை சிரிப்பும் அழுகையும் கலந்து.

வோலோஃப் வாத்தியார்கிட்ட கேட்டிருக்கா. அவர் சிரிச்சாராம். நெடும்பயணம் போறவங்களுக்கு, திரும்ப வரணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் அங்கே இடது கை குடுப்பாங்களாம். இடது கை குடுக்கறது தப்பு. அந்தத் தப்பைச் சரி பண்ண நீ திரும்பி வந்து வலது கை குடுத்தே ஆகணும். அதுவரைக்கும் கணக்கு முடியலை. நம்ம ஊர்ல "போறேன்"னு சொன்னா வாயிலயே போடுவாங்களே, "போயிட்டு வர்றேன்னு சொல்லு"ன்னு. அதேதான். நாம வார்த்தையில வைக்கற முடிச்சை அவங்க கையில வைக்கறாங்க.

"மாமா, நான் போய்த்தான் ஆகணும். பாட்டிக்குக் கடன் இருக்கு."

நான் கத்தின கத்தலை நினைச்சு இப்பவும் கூசுது. அவங்க அன்பைத்தான் நான் அவமானம்னு படிச்சிருக்கேன். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு.

இப்படித் தப்பா படிக்கறதுல நான் முதல் ஆளும் இல்லை. 1961 அக்டோபர்ல, பீஸ் கோர் ஆரம்பிச்ச அதே வருஷம், மார்ஜரி மிக்கெல்மோர்னு ஒரு இளம்பெண் நைஜீரியாவுல இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில பயிற்சியில இருந்தாங்க. வந்த புதுசுல பார்த்ததை, அழுக்கு, வசதிக்குறைவு இதையெல்லாம், ஒரு தபால் கார்டுல எழுதி ஊர்ல இருக்கற நண்பருக்கு அனுப்பப் பார்த்தாங்க. கார்டு வழியில தவறி விழுந்து ஒரு மாணவர் கையில சிக்கிடுச்சு. பிரதி எடுத்து வளாகம் முழுக்கப் பரவி, மாணவர்கள் போராட்டம் நடத்தி, கடைசியில அந்தப் பெண் அமெரிக்காவுக்கே திரும்ப வேண்டியதாப் போச்சு. கெட்ட மனுஷி எல்லாம் இல்லை. பார்த்ததைத்தான் எழுதினாங்க. ஆனா புது ஊர்ல முதல்ல கண்ணுல படறது எப்பவுமே இல்லாததுதான். இருக்கறது மெதுவாத்தான் தெரியும். அன்னைக்கு ஒரு கார்டு. இன்னைக்கு வாட்ஸப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம். கீழே விழவே வேணாம், தானே பறக்கும்.

ஆரம்ப காலத்துல பயிற்சி பெரும்பாலும் அமெரிக்காவுலயேதான் நடக்கும். ஊரைப் பார்க்கறதும் குடியேறறதும் ஒண்ணாத்தான் இருந்தது. பின்னாள்ல ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரோட அம்மா லில்லியன் கார்ட்டர் 1966ல் தன்னோட 68வது வயசுல அப்படித்தான் பம்பாய் பக்கம் விக்ரோலிக்கு நர்ஸா வந்து, 1968 வரைக்கும் இருந்தாங்க. அவங்க சமாளிச்சுட்டாங்க. எல்லாரும் லில்லியன் கார்ட்டர் கிடையாது.

சரி, எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துடுவோம்.

"நாலு நாள்ல ஒரு ஊரைப் பத்தி என்ன தெரியும்?" ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கறதுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. நாலு நாள் முகம் காட்டறதுக்கு. ரெண்டாம் தடவை போய் இறங்கறப்ப நீங்க புது ஆள் இல்லை, திரும்பி வந்த ஆள். அந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை. குட்டி மே மாசம் பெட்டியோட போய் இறங்கினப்ப, தூபாப்னு அலறின அதே வாண்டு அவ செருப்பைத் தூக்கிட்டு முன்னாடி ஓடிச்சாம்.

"பயந்து பாதியில விட்டுடுவாங்களே?" விடட்டும். குடியேறி ஆறு மாசம் கழிச்சு, ஒரு வீட்டுல பிள்ளை மாதிரி ஆனதுக்கப்புறம் விட்டுட்டு ஓடறதை விட இது எவ்வளவோ மேல். ஓடறவனுக்கு அது ஒரு அனுபவம். அந்த ஊருக்கு அது ஒரு காயம்.

"செலவு?" ரெண்டு வருஷச் செலவுல இது எந்த மூலைக்கு?

அதனால, உங்க வீட்டுலயோ தெரிஞ்ச வீட்டுலயோ பசங்க இப்படிக் கிளம்பினா, எந்த அமைப்பா இருந்தாலும் முதல்ல கேக்க வேண்டியது: குடியேறறதுக்கு முன்னாடி ஊரைப் போய்ப் பார்க்க விடுவீங்களா? ஊர் எங்களைப் பார்க்குமா? ரெண்டு வாரம் கூட்டிட்டுப் போய் போட்டோ எடுத்து அனுப்பறதுக்குக் கட்டணம் வாங்கற கும்பல் நிறைய இருக்கு. அவங்ககிட்ட இதைக் கேளுங்க, முகம் மாறும்.

போறப்ப என்ன பண்ணலாம்? பட்ட மாமா சொல்றேன்.

1. எக்செல் வேணாம். தண்ணி, மருந்து, ஆபத்துன்னா யாருக்கு போன் பண்றது, இந்த மூணு போதும். இதுல மட்டும் அசட்டையா இருக்காதீங்க.

2. அந்த ஊர் வணக்கத்தை மட்டும் மொழியில உருப்படியாக் கத்துக்கிட்டுப் போங்க. வோலோஃப்ல "நங்கா தெஃப்"னு கேப்பாங்க, எப்படி இருக்கேன்னு. பதில் "மாங்கி ஃபி ரெக்". இங்கேதான் இருக்கேன், அவ்வளவுதான்னு அர்த்தம். நம்ம "ஏதோ இருக்கேன்" மாதிரி. அப்புறம் அப்பா எப்படி, வீடு எப்படின்னு வரிசையாக் கேட்டுட்டுத்தான் விஷயத்துக்கே வரணும். அவசரப்பட்டா மரியாதை இல்லாதவன்.

3. எதையும் தர்றேன்னு வாய் விடாதீங்க. "பார்க்கலாம்"னு கூட சொல்லாதீங்க. நம்ம 'பார்க்கலாம்' அவங்களுக்கு வாக்குறுதி.

4. முடியாததை அங்கேயே சொல்லிடுங்க. நாலு பேர் முகம் சுருங்கும். பரவாயில்லை.

5. கேமரா பையிலயே இருக்கட்டும். தோணினதை நோட்டுல எழுதி வைங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு எடுத்துப் படிங்க. வெக்கமா இருக்கும். அதுதான் கத்துக்கிட்டதுக்கு அத்தாட்சி.

குட்டி ரெண்டு வருஷத்தை முடிக்கலை. முடிக்க ரெண்டு மாசம் இருக்கறப்ப, 2020 மார்ச்சுல, கொரோனாவால உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்களை பீஸ் கோர் மொத்தமாத் திரும்பக் கூப்பிட்டது. 60க்கும் மேற்பட்ட நாடுகள், சுமார் 7,000 பேர். அதுக்கு முன்னாடி அப்படி ஒரு தடவை கூட நடந்ததில்லை. திரும்ப ஆள் அனுப்ப ஆரம்பிச்சது 2022 மார்ச்சுலதான். அவளுக்கு ஊரைக் காலி பண்ண ஒரு சாயங்காலம் கிடைச்சது. அவ்வளவுதான். போறதுக்கு முன்னாடி ஒத்திகை பார்த்துட்டுப் போனவளுக்கு, கிளம்பறதுக்கு ஒத்திகையும் இல்லை, நேரமும் இல்லை. பாதி ஊர் காட்டுல இருந்தது. இருந்தவங்ககிட்ட எல்லாம் ஓடி ஓடிப் போய் இடது கையை நீட்டியிருக்கா. இந்தத் தடவை இவ முதல்ல நீட்டினா. பாட்டிதான் கையை விடவே இல்லையாம்.

கிணறு? இவ இருந்த வரைக்கும் வரலை. வேலி மரமும் ஒட்டு மாங்கன்னும் வச்சாங்க, எல்லாம் பிழைக்கலை, கொஞ்சம் பிழைச்சது. வாட்ஸப்புல எப்பவாவது மா மரத்தோட போட்டோ வரும். கூடவே ஒரு குரல் செய்தி வரும்: எப்ப வர்றே?

இன்னும் போகலை. வேலை, படிப்பு, அது இதுன்னு தள்ளிப் போகுது. போன தீபாவளிக்கு வந்திருந்தப்ப, "என்ன குட்டி, அதான் எல்லாம் முடிஞ்சுடுச்சே, இன்னும் எதுக்கு அந்த ஊரையே நினைச்சிட்டிருக்கே?"ன்னு அக்கா கேட்டா. அவ பதில் பேசாம வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டா.

நண்பரோட பையன் அடுத்த மாசம் ஊர் பார்க்கப் போறானாம். சட்டை பளிச்னு போட்டுக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். பார்க்கப் போறது அவங்களாச்சே.

டிஸ்கி: அந்த 43 கேள்விப் பட்டியல் இன்னும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. யாரும் கேக்காதீங்க, தர மாட்டேன்.